ஊமைப்படத்தில் துர்கா

கிழக்கு தாம்பரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் லோகுவைத் தேடி, போன மாதம் ஒரு பெண் வந்தாள். துர்காவின் மகள் வினிதா. கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு வயதில் அம்மாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா நடிச்ச படம் உங்ககிட்ட இருக்காமே. அவங்க குரலை ஒரு தடவை கேக்கணும் அங்கிள்."

நானும் அங்கே இருந்தேன். அந்தப் படத்துக்குக் கேமரா பிடித்தவன் நான்.

இரண்டாயிரத்து மூன்றில் லோகுவுக்கு இரண்டு பைத்தியம். அந்தக் காலத்து ஊமைப்படம் மாதிரி, பேச்சே இல்லாமல் ஒன்றை எடுத்து ஊரையே அழவைக்க வேண்டும். இன்னொன்று, பக்கத்து ஊர் அஸ்தினாபுரம் துர்கா. இரண்டையும் ஒன்றாக்கினான். ஒரு சிற்பி ஒருத்தியையே நினைத்து நினைத்துச் செத்துப்போகும் கதை. சிற்பி இவன், ஒருத்தி அவள். அவன் நடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

துர்கா ஓயாமல் பேசுவாள். ஷாட் நடுவிலும் பேசுவாள். "பேசாத துர்கா, ஊமைப்படம் இது," என்று எரிந்து விழுவான். டேப்பில்கூடச் சத்தம் ஏறக் கூடாதென்று கேமராவின் மைக் துளையில் ஒயரில்லாத பின் ஒன்றைச் செருகி அதன் காதை அடைக்கச் சொன்னான். செருகியது நான்தான். மடையன், வேண்டாமென்றுகூடச் சொல்லவில்லை.

மறு வருஷம் அவள் ஸ்ரீரங்கன் என்பவனைக் கட்டிக்கொண்டாள். லோகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பதினொரு நிமிஷப் படத்தை இருபது வருஷமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான், இன்னும் முடியவில்லையாம். தினமும் போட்டுப் பார்ப்பான். நானும் திட்டிப் பார்த்துவிட்டேன்.

வினிதாவுக்கும் போட்டான். திரையில் துர்கா சிரித்தாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வினிதா கை நீட்டி ஸ்பீக்கரைத் திருகினாள்.

"சத்தம் கெடையாதும்மா. வேணாம்னு நான்தான் சொன்னேன்," என்றான் லோகு.

அவள் திரையில் அசையும் உதடுகளைக் காட்டினாள். "இந்த இடத்துல என்ன சொல்றாங்க?" என்றாள்.

"'பசிக்குது லோகு, வூட்டுக்குப் போலாம்'னு. இங்க, 'வெயிலு மண்டைய பொளக்குது'ன்னு."

ஒவ்வோர் அசைவுக்கும் அவனிடம் வார்த்தை இருந்தது.

"அம்மா சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்."

லோகு வாயைத் திறந்தான். திரையைப் பார்த்தான். மறுபடி திறந்தான்.

"வரலம்மா," என்றான். "தெனம் இப்டியே பாத்துகினு இருந்தனா... அவ குரலு எனக்கே மறந்துபோச்சு."

வினிதா என் பக்கம் திரும்பினாள். எனக்கும் நினைவில்லை.