ஆரோக்கியசாமியின் ரப்பர் பட்டை

போன் வந்தபோது நான் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றிருந்தேன். "ஆரோக்கியசாமி தவறிட்டாருங்க" என்றது ஒரு பெண் குரல். "யாரு, உப்பளத்துல இன்ஜின் ஓட்டுனானே, அந்த வாய்க்கொழுப்பு புடிச்சவனா?" என்று கேட்டுவிட்டேன். "ஆமாங்க, அவரேதான். நான் அவரு சம்சாரம் பேசறேன்." நுரையை அப்படியே விழுங்கினேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். கூட வேலை செய்தவர் யாராவது எழுத வேண்டுமாம். "அவர அதிகமா திட்டுனது நீங்கதான்னு அவரே சொல்வாரு. நீங்களே எழுதிடுங்க" என்றார் அந்த அம்மா. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவன் நான். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுவதுதான் முறை. தேறுமா என்று பார்க்கிறேன்.

மரக்காணம் உப்பளத்தில் நான் மேஸ்திரி. சொந்த ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே. சீசன் முழுக்க உப்பளத்துக் கொட்டகைதான் எனக்கு வீடு. ஆரோக்கியசாமிக்கு ஊர் பாண்டிச்சேரிக்கு வடக்கே பெரிய முதலியார்சாவடி. விடிவதற்குள் இன்ஜினைப் போட்டுப் பாத்திக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்பதால் அவருக்கும் அதே கொட்டகை. எட்டடிக்குப் பத்தடி இடத்தில் இரண்டு எதிரிகள். என் குறட்டையை "லாரி ரிவர்ஸ்ல வர்ற மாதிரி இருக்குதுய்யா" என்பார். நான் சாப்பிட உட்கார்ந்தால், "மேஸ்திரி, உன் தொப்பைய வாரிக் கொட்டுனா அரை லோடு தேறும்" என்பார். சிரித்துக்கொண்டு சொன்னால் நாமும் சிரித்துவிடலாம். அவர் சிரிக்க மாட்டார். அவரை அறிந்த உங்களுக்கு அது தெரியும்.

பத்து வருஷம் வளைகுடாவில் கூலி முகாமில் இருந்தவர் அவர். ஒரு அறைக்கு எட்டுப் பேர். தேகப்பயிற்சிக்கு இரும்புக் குண்டு வைக்க இடமில்லை என்று மூன்று ரப்பர் பட்டைகள் வாங்கியிருந்தார். மஞ்சள் லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு முரடு. மூன்றையும் சுருட்டினால் ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் அடங்கும். காலையில் இன்ஜினைப் போட்டுவிட்டுக் கறுப்பைக் கொட்டகைத் தூணில் கட்டி இழுப்பார். காலில் மிதித்துக்கொண்டு மேலே தூக்குவார். முதுகுக்குப் பின்னால் சுற்றி முன்னால் தள்ளுவார். ஐம்பது வயதில் அப்படி ஒரு தோள் அவருக்கு, எனக்கு வயிற்றெரிச்சல். "வீட்ட வுட்டுட்டு வந்தவன் உடம்பையும் வுட்டுட்டு வந்துடக் கூடாது. இங்க படுத்தா கஞ்சி ஊத்த யாருய்யா இருக்கா?" என்பார்.

சுனாமியில் பாத்தியெல்லாம் சேறு ஏறிப் போனது. அதை வாரி எடுத்ததில் என் வலது தோள் இறுகிவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை. அவர் கண்டுபிடித்தார். "யோவ், ஒரு சட்டை போட அஞ்சு நிமிஷமா?" மறுநாளே மஞ்சள் பட்டையை என் முழங்கை உயரத்துக்குத் தூணில் கட்டினார். அக்குளில் மடித்த துண்டை வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, பட்டையை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். துண்டு விழுந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். "இழுக்கறதுல என்னா இருக்குது, கழுதகூட இழுக்கும். மெதுவா வுடு. வுடறதுலதான்யா பலம் வருது." ஒன்றரை மாதம் காலையில் இதே வசவு. கை தோள் உயரத்துக்கு வந்தது. நன்றி சொல்லத் தோன்றவில்லை. அவர் அதற்கு இடம் கொடுக்கவுமில்லை.

பிறகு ஒரு நாள், உப்புக்கூடை சுமக்கும் பெண்கள் வரிசையாக நிற்கும்போது சொன்னார்: "மேஸ்திரிக்குக் கை மேல வராது. சாமி கும்புடணும்னாகூட நாமதான் தூக்கி வுடணும்." அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முதலாளி வீடுவரை போய்விட்டது. "திங்கக்கெழம வர்றேன். என் எதுர்ல ஒரு பாத்தி உப்பு வாரிக் காட்டு. முடியலன்னா ஊருக்குப் போய்டு" என்று சொல்லியனுப்பினார் முதலாளி. என் மகள் நர்சிங் படிக்க மனு போட்டிருந்தாள். பாதி சீசனில் நான் வீட்டுக்குத் திரும்பினால் அவள் படிப்பும் வீட்டுக்குத் திரும்பிவிடும். அன்றோடு ஆரோக்கியசாமியிடம் பேச்சை நிறுத்தினேன்.

அந்த வாரம் அவர் மாதா கோயில் திருவிழாவுக்கு நாலு நாள் ஊருக்குப் போனார். கொட்டகையில் அவர் விட்டுப்போன பையைத் திறந்தேன். மஞ்சளை விட்டுவிட்டுக் கறுப்பை எடுத்தேன். முரடை இழுத்தால் மூன்று நாளில் பலசாலியாகிவிடலாம் என்பது மேஸ்திரியின் அறிவு. வேர்வை ஊறிய பட்டையைத் தினமும் வாய்க்கால் உப்புத் தண்ணீரில் அலசினேன். நல்ல தண்ணீர் எங்களுக்குக் குடத்தில் வரும், குடிக்கத்தான் காணும். கால், கை, கூடை, பலகை எல்லாவற்றையும் அந்த உப்புத் தண்ணீரில்தான் கழுவுவோம். அதே பழக்கத்தில் பட்டையையும் கழுவி, கொட்டகைக் கூரைமேல் உச்சி வெயிலில் காயப் போட்டேன். கடைசி நாள் அதில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரிந்தன. உப்புப் பூத்திருக்கிறது என்று துடைத்து, சுருட்டி, பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை முதலாளி வரப்பில் நிற்க, ஒரு பாத்தி முழுக்க வாரினேன். "சரி, இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆரோக்கியசாமி கறுப்பைத் தூணில் கட்டினார். வழக்கமாக நீளம் முழுக்க விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இழுப்பார். அன்று பார்க்கவில்லை. தன் பையை யாரும் தொட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. பத்தாவது இழுப்பில் அறுந்தது. முனை இடது கண்ணில் அடித்தது.

உப்பு லாரியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். "குலுங்குது, டிரைவர்கிட்ட சொல்லுய்யா, வாயில என்னா கொழுக்கட்டையா?" என்று வழியெல்லாம் என்னைத் திட்டினார். கண்ணில் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது, தெளியவில்லை. "ஒத்தக் கண்ணோட இன்ஜின் பெல்ட்டுகிட்ட நிக்க வேணாம்" என்று முதலாளி அவரைப் பாதி சீசனில் வீட்டுக்கு அனுப்பினார். நான் பயந்த அதே வார்த்தை, அவருக்குப் போனது.

இதை அச்சுக்கு முன்னால் படிக்கப்போவது அந்த அம்மாதான். போடுவதா, கிழிப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். நல்லதாக நாலு வரி எழுத நினைத்தேன், வரவில்லை. அவர் வாயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் என் வலது கை தலைக்கு மேலே போய்த் தலை வாருகிறது. மகள் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவரால் என்னிடம் தங்கியிருப்பவை இவைதான்.

அந்த வருஷக் கடைசியில் ஒரே ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தோள் எப்படிய்யா இருக்குது?"

"பரவால்ல."

"பரவால்லன்னா? தூக்கு பாப்போம்."

தூக்கினேன்.

"தோள காதுகிட்ட ஏத்தாத. அடி வாங்குன நாய் மாதிரி நிக்கற."

உள்ளே கையை நீட்டி ஜன்னலில் கிடந்த மஞ்சள் பட்டையை எடுத்து என் கையில் போட்டார். "இங்க சும்மாதான் கெடக்குது. எடுத்துட்டுப் போ. நல்ல தண்ணியில அலசு, நெழல்ல காயப் போடு. உப்புத் தண்ணியும் வெயிலும் பட்டா ரப்பர் செத்துடும்."

தெருவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"கறுப்ப வெயில்ல போட்டது நான்தாங்க" என்பது நாக்கு வரை வந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.