மச்சானின் கழுத்தளவு

நான் அனலைதீவில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவன். மார்கழி வாடையில் தண்ணீருக்குள் உடம்பு விறைத்துவிடும். நோர்வேயில் சுழியோடியாக வேலை செய்யும் என் தம்பி, தண்ணீர் உள்ளே புகாத உடுப்பொன்று அனுப்புவதாகவும், கழுத்தளவை மட்டும் பிழையாக எழுதவேண்டாமென்றும் கடிதம் போட்டிருந்தான்.

நானோ, தொழிலுக்கு என்னோடு வரும் மச்சானும் மாறி மாறிப் போடட்டுமே என்று அவருடைய தடித்த கழுத்தை அளந்து அனுப்பினேன்.

உடுப்பு வந்த அன்றே போட்டுக்கொண்டு கடலுக்குப் போனேன். "கழுத்து தொளதொளவெண்டு கிடக்கு, இறங்காதையும்" என்றார் மச்சான். நான் கேட்கவில்லை. கழுத்தால் புகுந்த தண்ணீர் கால்வரை நிறைந்துவிட்டது. மேலே வர ஏலாமல் தவித்த என்னை அவர்தான் கயிற்றில் இழுத்தெடுத்தார்.

வெட்கத்தை மறைக்க, "நீ அனுப்பினது ஓட்டை உடுப்பு" என்று தம்பிக்கு எழுதினேன். பதிலாக இன்னொரு பார்சல் வந்தது. உள்ளே உடுப்பொன்றும் தம்பியின் கடிதமும்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. இது நான் போடுறது, ஓட்டையில்லை. சின்ன வயசிலை எங்கட ரெண்டு பேற்றை கழுத்தும் ஒரே அளவுதானே."

அங்கே அப்போது பனி கொட்டும் காலம்.

உண்மையை எழுதி, அவனுடைய உடுப்பையும் அன்றே திருப்பி அனுப்பினேன். இப்போதெல்லாம் அளவு கேட்டால் என் அளவையே எழுதுகிறேன். பிழை விட்டால் அதையும் எழுதுகிறேன். இந்த வாடைக்கும் விறைத்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.