எங்களுக்கு முன்னால் பயணம் போன பெட்டி

இதை எழுதுவோமா விடுவோமா என்று நான் மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் எழுதத் தொடங்கி, இரண்டு தரமும் அந்தத் தாளிலேயே கடைச் சாமான் பட்டியல் எழுதி முடித்தேன். எழுதாமல் விட்டதற்குக் காரணம் வெட்கம்தான். லண்டனில், ஈஸ்ட் ஹாமில் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் வீடு குடிபுகுவதென்றாலும் கார் எடுப்பதென்றாலும் முதலில் என்னிடம்தான் நாள் கேட்பார்கள். நான் ஐயர் இல்லை. படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் லண்டன் நேரப்படி கணித்த பஞ்சாங்கக் கலண்டரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற ஆள் என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரின் பெயரைக் கெடுத்துவிட்டேன். முருகன் மன்னிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக என் மனைவி மன்னிக்க வேண்டும்.

மனைவி ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு பழைய படம் ஒட்டியிருக்கிறது. ஜப்பான் மலை, அதன் முன்னால் ஓடும் வெள்ளை ரயில். பதினாறு வருடம் தட்டுக் கழுவிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தவள், ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"என்னப்பா, அந்த மலை திருநீறு பூசின நெத்தி மாதிரி இருக்கு. ஒருக்கா அந்த ரயிலுக்குள்ள இருந்து பாக்கோணும்."

அவள் என்னிடம் வேறு எதையும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டு என்ன பயன்? கலியாணமாகி இருபத்தேழு வருடத்தில் மூன்று பயணம் ஒழுங்கு செய்தோம். பாரிசுக்குப் போக வெளிக்கிட்ட அன்று வாசலில் யாரோ தும்மினார்கள். தும்மியது நான்தான் என்பது பிறகு தெரிந்தது. சுவிசுக்குப் போகவிருந்த நாள் கரிநாள். மூன்றாவதை ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, அவளுக்கு இருக்கிறது.

ஆகவே மகள் ஜப்பானுக்கு டிக்கெட் எடுத்துத் தந்தபோது மனைவி என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "இந்த முறையும் நிண்டால் நான் தனியப் போவன். சொல்லிப்போட்டன்."

அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

விமானமும் தங்குமிடமும் மகளின் பொறுப்பு. ஜப்பானுக்குள் எந்த ரயிலில் எப்போது போவது என்பதை நான் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் ஜப்பான் வரைபடத்தை விரித்து, பக்கத்தில் கோயில் கலண்டரை வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். டோக்கியோவிலிருந்து கியோட்டோ மேற்கே. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம், அந்தத் திசைக்கு வெளிக்கிடக்கூடாது. திரும்பி வருவது கிழக்கே, ஆகவே திங்களும் சனியும் ஏலாது. கியோட்டோவுக்குக் கிட்ட இருக்கிற நாரா தெற்கே, வியாழன் தள்ளிப்போனது. பிறகு ஒவ்வொரு நாளும் ராகுகாலத்தைக் கழிக்க வேண்டும். அதற்கு மேல், எங்களுடைய ரயில் பாஸ் ஏழு நாள் தொடர்ந்து செல்லுபடியாகும் பாஸ். தொடங்கினால் இடையில் நிறுத்த முடியாது. சூலம் பார்த்தால் பாஸ் வீணாகும், பாஸைப் பார்த்தால் சூலம் குத்தும்.

மகள் கணினியோடு எதிரே இருந்தாள்.

"அப்பா, சீரியஸ்லி, ராகுகாலம் லண்டன் டைமா, ஜப்பான் டைமா?"

"அதைத்தான் யோசிக்கிறன்."

"ஹீத்ரோ ஏர்போட் எங்கட வீட்டுக்கு மேற்கை. ஜப்பான் கிழக்கை. அப்ப சூலம் எந்தப் பக்கம் பாக்கிறது?"

"நீ கொஞ்சம் வாயை மூடு பிள்ளை."

மனைவி என் தாளை எடுத்துப் பார்த்தாள். நான்கு நாள் டோக்கியோ அறையிலேயே இருப்பதாக எழுதியிருந்தேன்.

"நல்லது. பன்ரண்டு மணித்தியாலத்துக்கு மேல பறந்து போய் ஒரு அறைக்குள்ள நூடில்ஸ் கிண்டிச் சாப்பிடுவம். அதை இஞ்சை குசினியிலயும் செய்யலாம்."

கடைசியில் ஒரு வழி வந்தது. புதன் பின்னேரம் விமானம், வியாழன் டோக்கியோ, சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் கியோட்டோவுக்கு ரயில். எல்லாம் பொருந்தியது. ஒன்றைத் தவிர. புதன்கிழமை எனக்குச் சந்திராட்டமம், சந்திரன் என் ராசிக்கு எட்டில் நிற்கிற நாள். அன்று பயணம் தொடங்கக் கூடாது.

இதற்கும் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பரஸ்தானம். நல்ல நேரத்தில் வெளிக்கிட முடியாதவர், தன் பயணப் பொருள் ஒன்றை முந்தியே நல்ல நேரத்தில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைக்கலாம். அந்த நேரமே பயணம் தொடங்கிய நேரம். பிறகு ஆள் எப்போது போனாலும் குற்றமில்லை.

குட்மேய்ஸில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார். மனைவி இல்லாத, தனியாக இருக்கிற மனிதர். ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடை நடத்துகிறார். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் வீட்டில் திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தேன். புதன்கிழமை நாங்கள் அவர் வீட்டுக்கு வருவது, அங்கிருந்து அவர் மரக்கறி ஏற்றுகிற வானில் ஹீத்ரோ என்று பேச்சு.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பெட்டிக்குள் இரண்டு பெனியனையும் ஒரு துவாயையும் வைத்தால் அது பயணமா? சலவைக்குப் போகிற பெட்டியும் அப்படித்தான் இருக்கும். கடவுளை ஏமாற்றலாமா? எது இல்லாமல் பயணமே நடக்காதோ, அதையல்லவா வைக்க வேண்டும்? ஆகவே எங்கள் இரண்டு பாஸ்போட்டையும் ரயில் பாஸுக்கு மாற்றவேண்டிய தாள்களையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு குட்மேய்ஸில் அண்ணையின் கதவைத் தட்டினோம். சத்தமில்லை. மணி அடித்தோம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. போன் எடுத்தால் உள்ளேயே அடிக்கிறது, கண்ணாடிக்குள்ளால் கேட்கிறது.

"கடைக்குப் போயிருப்பார்," என்றேன்.

"பரவாயில்லை, டாக்ஸி பிடிச்சுப் போவம். அந்தப் பெட்டியில என்ன கிடக்கு, உங்கட பெனியன்தானே? ஜப்பானில பெனியன் விக்கிறாங்கள்."

நான் தெருவைப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ. என்ன முழி இது?"

சொன்னேன்.

அவள் கத்தவில்லை. அண்ணையின் வாசற்படியில், கையில் பையோடு, நிதானமாக உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "பாஸ்போட் நல்ல நேரத்தில வெளிக்கிட்டிட்டுது. நாங்கள்தான் இன்னும் வெளிக்கிடேல்லை."

அவளுடைய முகத்தை நான் அப்போது பார்த்திருக்கக் கூடாது. அந்த முகத்தில் கோபமில்லை. இப்படித்தான் நடக்கும் என்று முந்தியே தெரிந்த ஒரு களைப்பு. நாலாவது பயணமும் போச்சு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அவளைப் படியிலேயே விட்டுவிட்டு ரயிலேறி ஃபாரஸ்ட் கேட்டுக்கு ஓடினேன். அண்ணை கடையில் வெண்டிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன நீர், நாளைக்கெல்லோ பயணம்?"

"இண்டைக்கு அண்ணை!"

"வியாழக்கிழமை ஜப்பான் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"வியாழக்கிழமை போய்ச் சேருறது!"

"அதை வடிவாச் சொல்லோணும். நாள் பாக்கிறவர் நீரே இப்பிடி எண்டால்…" என்று கதையைத் தொடங்கியவரை அப்படியே வானில் ஏற்றினேன். கடைக்கதவை மூடும்போது மணி சரியாகப் பன்னிரண்டு. புதன்கிழமை ராகுகாலம் தொடங்குகிற நேரம். குட்மேய்ஸுக்குத் திரும்பி, பெட்டியையும் மனைவியையும் ஏற்றி, முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே நான் குந்தியிருக்க, முழு ராகுகாலமும் தெருவில்தான் ஓடியது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நான் கந்தசஷ்டி சொன்னேன். அண்ணை வேறு சொற்களைச் சொன்னார். கந்தன் எங்கள் இரண்டு பேருடையதையும் கேட்டிருக்க வேண்டும், விமானத்தைப் பிடித்துவிட்டோம். மனைவி பாஸ்போட் இரண்டையும் தன் கைப்பைக்குள் வைத்து, அந்தப் பையை மடியில் வைத்து, ஜப்பான் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டோக்கியோவில் கண் விழித்தபோது வானம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே வரவேற்பு மேசையில் இருந்த பெண் போனில் வானிலையைக் காட்டினாள். இன்றைக்கு வெயில். நாளைக்கு மழை, அதற்கடுத்த நாளும் மழை. முகிலுக்குள் மலை தெரியாது என்று கையால் மூடிக் காட்டினாள்.

எங்கள் ரயில் நாளைக்கு.

மனைவி தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் நான் சூலத்தைப் பற்றி விளக்கம் சொல்லியிருப்பேன். பேசாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதினாறு வருடமாக அவள் பார்த்த படம் எனக்கு அப்போதுதான் கண்ணில் வந்தது. நான் அந்தச் சமையலறைக்கு ஒருநாளும் போனதில்லை.

"வெளிக்கிடு," என்றேன். "இண்டைக்குப் போவம்."

"இண்டைக்கு மேற்கை சூலம் எல்லோ?"

"ஓம். போயே ஆகோணும் எண்டால் அதுக்குப் பரிகாரம் இருக்கு. சர்க்கரை சாப்பிட்டிட்டுப் போனால் சரி."

எங்கள் ஊர்ச் சர்க்கரைக்கு, அந்த வெல்லத்துக்கு, அங்கே எங்கே போவது? தேத்தண்ணிக்கு வைத்திருந்த சீனிப் பைக்கட்டு ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். மகளுக்குப் போன் எடுத்தோம். "அப்பா வெள்ளிக்கிழமை போறாரா? உண்மையா?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டு, இரண்டு நிமிடத்தில் கியோட்டோ அறையை மாற்றிவிட்டாள்.

வரவேற்பு மேசைப் பெண் எங்கள் பெட்டிகளைக் காட்டி, இவற்றைச் சுமக்க வேண்டாம், இங்கேயே தந்தால் நாளைக்குக் கியோட்டோ அறைக்கு வந்து சேரும் என்றாள். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நாட்டுச் சனம் முழுதும், பேர் தெரியாமலே, ஒவ்வொரு நாளும் பரஸ்தானம் வைத்துக்கொண்டிருக்கிறது! மணி எட்டு. நல்ல நேரம். பெட்டிகளைத் தள்ளிக் கொடுத்தேன்.

"பாஸ்போட் எங்கை?" என்றாள் மனைவி.

"உன்ரை பைக்குள்ள."

"எடுத்துப் பாக்கிறன்," என்று எடுத்துப் பார்த்து, என்னையும் ஒருமுறை பார்த்து, திரும்ப வைத்தாள்.

ஸ்டேஷனில் வரிசையில் நின்று தாள்களைக் கொடுத்துப் பாஸாக மாற்றினோம். மலை தெரிவது போகும் திசையில் வலப்பக்கம் என்று மகள் எழுதித் தந்திருந்தாள். வலப்பக்க ஜன்னலோடு இரண்டு இடம் சேர்ந்து இருந்த ரயில் ஒன்றே ஒன்று. பத்து முப்பத்து மூன்று. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும். அங்கே ரயில் மூன்று நிமிடம் முந்திப் போகுமா என்று கேட்கவும் முடியாது.

"என்னப்பா?" என்றாள் மனைவி. குரல் சின்னதாக இருந்தது.

"எட்டு மணிக்கே பெட்டி போயிட்டுது. எங்கட பயணம் எப்பவோ தொடங்கிட்டுது. ராகு வந்து பாத்தால் நாங்கள் பாதி வழியில நிப்பம்."

"நீங்கள் இப்ப கடவுளோட வாய்க்காட்டுறியள்."

"உனக்காகத்தானே. அவருக்கு விளங்கும்."

ரயில் பத்து முப்பத்து மூன்றுக்கே வெளிக்கிட்டது. ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முக்கால் மணித்தியாலம் வீடுகள், தொழிற்சாலைகள், தேயிலைப் பற்றைகள். திடீரென்று வீடுகளுக்கு மேலே அது நின்றது. நான் நினைத்ததைவிடப் பெரிது, நினைத்ததைவிடக் கிட்ட. உச்சியில் அவள் சொன்ன மாதிரியே திருநீறு. மனைவி கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள். ஹீத்ரோவிலிருந்து அந்தப் பையை அவள் கைவிட்டது அதுதான் முதல் தடவை. மலை மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கூப்பியபடியே இருந்தாள்.

கியோட்டோவில் அன்று மாற்றுச் சீலை இல்லை. போட்ட உடுப்போடு படுத்தோம். அவள் அதற்கும் சிரித்தாள்.

லண்டனுக்குத் திரும்பி வந்தபோது கோயிலில் கதை எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. அண்ணை பாஸ்போட் வீட்டுக்குள் பூட்டுப்பட்டதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். மிச்சத்தைச் சனம் நிரப்பியது. பிரசாத வரிசையில் ஒருவர் என்னைக் கேட்டார். "மனுசி பாஸ்போட்டை மறந்து எங்கையோ வைச்சிட்டாவாம்? நல்லவேளை நீங்கள் நாள் பாத்தபடியால் தப்பிச்சியள்." நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அவள் பக்கத்தில் பொங்கல் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக அந்தக் கதையில் மறதிக்காரி அவள், கெட்டிக்காரன் நான். போன மாதம்கூட ஒரு புதுப் பிள்ளை, "ஆன்ட்டி, பாஸ்போட் எடுத்தனீங்களோ?" என்று பகிடி விட்டாள். மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கதையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், கோயில் வரிசையிலும் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். முருங்கைக்காயைக் குறைக்க வேண்டாம், எனக்குக் கெட்டித்தனத்தைக் கூட்ட வேண்டாம். பாஸ்போட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது நான். அதற்குப் பிறகு அதைக் கடைசிவரைக்கும் பத்திரமாக வைத்திருந்தது அவள்.