சேற்றுக்குப் பிணைச்சல் போட்ட கால்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுப்பவர்கள் "பாவம், கால் இல்லாத மனிசி" என்று கதையைத் தொடங்க வேண்டாம். அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் ஏற்றதில்லை.

அக்கா பிறந்தது மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் அறையில். கலவரத்துக்குப் பயந்து பெற்றோர் வன்னிக்கு வந்தபோது அவருக்கு நான்கு வயது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காடு வெட்டிய காணியில்தான் நான் பிறந்தேன். ஐயா காய்ச்சலில் இறந்ததும் அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வயலில் இறங்கினார். நான் படித்தேன்.

போர் முடிந்து காணிக்குத் திரும்பிய முதல் வருடம், வரம்பு வெட்டும்போது மிதிவெடி வெடித்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். செயற்கைக் கால் நிலையம் ஒன்றில் நல்ல கால் கிடைத்தது. தார் றோட்டில் அது நன்றாகவே நடந்தது. வயலில் வைத்தால் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. இரண்டு தரம் காலைச் சேற்றிலேயே விட்டுவிட்டு, தவழ்ந்து வரம்புக்கு வந்தார்.

சொந்தக்காரர் கூடி, காணியைக் குத்தகைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"காணியில பிழை இல்லை, என்னிலயும் பிழை இல்லை. கால்தான் பிழை. பிழையானதைத்தானே மாத்த வேணும்?" என்றார் அக்கா.

அடுத்த நாளே அலுமாரிக் கதவைக் கழற்றி அது திறந்து மூடும் பிணைச்சல்கள் இரண்டை எடுத்தார். பழைய பிளாஸ்டிக் தண்ணீர்க் கானில் இரண்டு தட்டுகள் வெட்டி, செயற்கைப் பாதத்தின் இரு பக்கமும் அந்தப் பிணைச்சல்களால் பூட்டினார். மிதித்தால் தட்டுகள் விரிந்து பாரத்தைத் தாங்கும். தூக்கினால் மடிந்து சேற்றை விட்டு வரும். முதலாவது அன்றைக்கே உடைந்தது. இரண்டாவதில் திருகாணி கழன்றது. சைக்கிள் ரயர்த் துண்டு வைத்து இறுக்கிய மூன்றாவது கால், அந்தப் போகம் முழுவதும் நின்றது.

அதைக் கொண்டுபோய் நிலையத்தில் காட்டினார். அங்கிருந்த உத்தியோகத்தர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது கதவுக்குப் போடுற சாமான். காலுக்குப் போடேலாது."

"தம்பி, உங்கட பெரிய மெஷினைக் கழட்டிப் பாருங்கோ. உள்ளுக்குள்ள ஆணி, திருகாணி, சில்லு, பிணைச்சல்தானே கிடக்கும்? அதெல்லாம் என்ர வீட்டிலயும் கிடக்கு. நம்பாட்டி வயலுக்கு வாங்கோ."

அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றிச் சேற்றில் இறங்கி, முழங்கால் வரை புதைந்து நின்றார். அக்கா அவரைக் கடந்து நடந்து அடுத்த வரம்பில் ஏறினார். உத்தியோகத்தர் அளவு நாடாவை எடுத்தார். அடுத்த போகத்துக்குள் அதே கால் உறுதியான தட்டுகளோடு நிலையத்திலேயே செய்யப்பட்டு வந்தது.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் கற்பிக்கிறேன். விண்வெளியில் செய்மதியின் சிறகுகளை விரிப்பது பிணைச்சல். தொழிற்சாலை இயந்திரக் கையை மடக்குவதும் அதன் வழி வந்ததே. யாரோ பெயர் தெரியாத ஒருவர் தன் வீட்டுக் கதவுக்காகச் செய்த பொருள் அது. எட்டாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்: பொறியியல் அப்படிப்பட்டவர்களிடம்தான் தொடங்கியது.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதடைந்து, வாரத்தில் இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். முன் இருக்கையை வெறுமையாக வைத்திருந்த பஸ் நடத்துநர்களுக்கும், தாதிமாருக்கும், கடைசி அறுவடையைத் தங்கள் கையால் முடித்துத் தந்த அயலவருக்கும் நன்றி. பிடிவாதக்காரி என்று ஏசியவர்களுக்கும் நன்றி, அது உண்மைதான்.

முப்பத்தோராம் நாள் சடங்கன்று நாயாற்றுக் கடற்கரையிலிருந்து ஒரு பெண் ஊன்றுகோலோடு வந்தார். அவருக்கும் ஒரு கால் இல்லை. அக்காவின் காலைப் பார்க்கக் கேட்டார். கொடுத்தோம். சாப்பிட வந்திருந்த உத்தியோகத்தரிடம் அதை நீட்டினார்.

"இது சேத்துக்குச் சரி. எங்கட கரை மணல். தட்டு அகலம் காணாது. இந்தப் பிணைச்சலும் உப்புக்குக் கறள் பிடிக்கும். வேற போடுங்கோ."

"ஓம், போடுவம்" என்றார் அவர்.

இப்போது அந்தப் பெண் மணலுக்கென்று செய்த காலோடு கரைவலை இழுக்கிறார். அக்காவின் காலில் குறை கண்டுபிடித்ததற்காக, அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.