ஓரத்தில் எழுத்து இல்லாத கௌபாய் படம்

புதுச்சேரியில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருக்கிறேன். பிலிம் அறுந்தால், சேதமான துண்டை வெட்டிவிட்டு, பிலிம் சிமெண்ட் என்ற பசையைத் தடவி ஒட்டுவோம். வெட்டிய துண்டுகளைப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு எடுத்துப் போவோம். எல்லா ஆபரேட்டரும் செய்வதுதான்.

முத்தியால்பேட்டை அந்துவான், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். நாங்கள் 'முசே' என்போம். உருக்கி வளையல் செய்ய எடைக்குப் போகும் பழைய கௌபாய் படங்களை வாங்கிச் சேர்ப்பார். ஞாயிறு காலைகளில் எங்கள் தியேட்டரில் என்னை ஓட்டிக் காட்டச் சொல்வார்.

"பேரே தெரியாத படத்த எதுக்கு முசே சேக்குறீங்க?"

"பெரிய ஸ்டாருன்னா சாவமாட்டான்னு மொதல்லயே தெரிஞ்சிடும் கோவிந்து. இதுல எவன் பொழைப்பான்னு யாருக்குத் தெரியும்? குதிரகூட நெஜமாவே களைச்சுப் போவுது, பாரு!"

அந்தக் களைத்த குதிரை பாலைவனம் கடக்கும் இடத்தில்தான் ஒருநாள் பிலிம் அறுந்தது. விரல் நீளத் துண்டொன்றை என் மகள் செல்விக்குக் கொடுத்தேன். ஏழு வயது அவளுக்கு.

மறுநாள் மழை மூட்டம். ஜன்னலில் வெளிச்சம் போதவில்லை என்று, குதிரையைப் பார்க்க அடுப்புத் தீக்கு முன்னால் பிடித்திருக்கிறாள். குப்பென்று பற்றிக்கொண்டது. நான் ஓடிவந்தபோது புருவம் கருகி, இரண்டு விரல் கொப்பளித்து, அழவும் தெரியாமல் நின்றாள்.

பழைய நைட்ரேட் பிலிம், பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். பூத்தில் அதன் பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கமாட்டேன். வீட்டுக்கு வந்த துண்டும் அதே பிலிம்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகுதான் முசேயின் கட்டிலுக்கடியில் இருக்கும் டப்பாக்கள் நினைவுக்கு வந்தன. சைக்கிளில் போய்ச் சொன்னேன்.

"கொழந்த கண்ணுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல முசே."

"நீயா சொல்றியா, டாக்டரு சொன்னாரா?"

"டாக்டரே சொன்னாரு."

அதற்குப் பிறகே உட்கார்ந்தார். டப்பா டப்பாவாகத் திறந்து பிலிம் ஓரத்தைப் பார்த்தோம். சிலவற்றில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருந்தது; அது சட்டென்று தீப்பிடிக்காத பிலிம். குதிரைப் படத்தின் ஆறு டப்பாவிலும் அந்த எழுத்து இல்லை. அந்த ஆறையும் பிள்ளைச்சாவடி கடற்கரை மணலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டு எரித்தோம். வேறு பிரதி எங்கே கிடைக்கும் என்று அவருக்கும் தெரியாது.

"குதிர பொழைச்சுதான்னு செல்வி கேட்டா, தண்ணி இருக்கிற எடத்துக்குப் போய்ச் சேந்துடுச்சுன்னு சொல்லு. படத்துல நெஜமாவே சேந்துடும்," என்றார்.

செல்வி கேட்டாள். சொன்னேன்.

புதிதாகப் பூத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான்: படத்தைப் பார்க்குமுன் ஓரத்தைப் பாருங்கள். 'சேஃப்டி' என்ற எழுத்து இல்லாவிட்டால் விரல் நீளம்கூட வீட்டுக்கு வேண்டாம். செல்விக்கு இப்போது பத்து வயது. அடுப்படியில் அவள் சத்தம் கேட்காவிட்டால், எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.