மாமாவின் பாட்டுத் தொகுப்பு திருடு போனது

இன்று காலை ஸ்ரீவராகம் தெருவில் பக்கத்து வீட்டு மாமா என்னை நிறுத்தினார். இணைய வானொலியில் வரும் பாட்டுகளைப் பதிவுசெய்து, அறிவிப்பாளரின் பேச்சை வெட்டியெறிந்து, தொகுப்பாக்கி வைத்திருப்பவர். அதை யாரோ அவர் பெயரைச் சொல்லாமல் வாட்ஸப்பில் பரப்பிவிட்டார்களாம்.

“ராப்பகலா ஒக்காந்து வெட்டினது நானாக்கும்! திருட்டு அல்லே இது?”

“பாடினவாகிட்ட நீங்க கேட்டேளா, மாமா?”

“நெட்ல வர்றது மழை மாதிரி. பாத்திரம் வைக்க யார்கிட்ட கேக்கணும்? அது வேற, இது வேற, கேட்டியா!”

நியாயம்தான்.

அந்தத் தொகுப்பு எனக்கும் வந்திருக்கிறது. வேண்டுபவர்கள் சொல்லுங்கள், மாமா பெயரை முதல் வரியிலேயே போட்டு அனுப்புகிறேன்.

பாடியவர்கள் யாரென்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பெயர்களைச் சொன்னவர் அறிவிப்பாளர். அவரைத்தான் மாமா வெட்டிவிட்டாரே.