நோரா அன்ரியின் வலது கைப் பக்கம்

"நோரா அன்ரி மோசம் போயிட்டா, மச்சான்." மெல்பேர்னிலிருந்து குகன் தொலைபேசியில் சாவுச் செய்தியைச் சொன்னதும், அழுகைக்கு முன்னால் எனக்கு அந்தப் பொங்கல்தான் நினைவில் பாய்ந்து வந்தது. எங்களுக்குப் பிறகு அவர் வீட்டில் அறை எடுத்துப் படித்தவர்களே, அன்றைக்கு நீங்கள் இல்லாமல் போய்விட்டீர்களே!

தை மாதம் மெல்பேர்னில் கொளுத்துகிற கோடை. வெளியில் நெருப்பு மூட்டக்கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? குகனும் நானும் விடியப்புறம் பின்வளவில் மூன்று கல் வைத்து, பழைய வேலிப் பலகையை முறித்து அடுப்பு மூட்டிவிட்டோம். அன்ரி தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். அடுப்பு சேறாகிவிட்டது.

பின்னேரத்துக்குள் பெட்டியைக் கட்டச் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் நிறத்தைப் பார்த்து எத்தனையோ வீடுகள் கதவைச் சாத்திய பிறகு கிடைத்த அறை அது.

பானையைத் தூக்கினோம். அப்போதுதான், இரண்டு பேரும் ஏன் ஒரே பக்கம் பார்த்து நின்றீர்கள் என்று கேட்டார். உதிக்கிற சூரியனைப் பார்த்துத்தான் பொங்குவோம் என்றான் குகன்.

அன்ரி குழாயைக் கீழே போட்டார். என்னைக் கிழக்கே திருப்பி நிறுத்தி, என் வலது கையைப் பிடித்துத் தூக்கினார்.

"இந்தக் கை காட்டுகிற பக்கம்தான் என் ஊரின் பெயர்."

அவர் அயர்லாந்தின் தென்மேற்கில் பிறந்தவர். அந்தப் பகுதிக்குப் பழைய பெயர் டெஸ்மண்ட். மன்ஸ்டர் மாகாணத்தின் தெற்கு என்று பொருளாம். அவர்களுடைய மொழியில் தெற்குக்கும் வலதுக்கும் ஒரே சொல். சூரியனைப் பார்த்து நின்றுதான் திசைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இடது கைப் பக்கத்தில் வடக்கு, அந்தப் பகுதி தோமண்ட். முகத்துக்கு நேரே கிழக்கு, அந்தப் பகுதி ஓர்மண்ட். நாங்கள் நின்ற மாதிரியே நின்றிருக்கிறார்கள், உலகத்தின் மற்றக் கரையில்!

பானை அன்ரியின் குசினிக்குப் போனது. கிழக்கு யன்னலடிக்கு மேசையை இழுத்துப் போட்டு, மின் அடுப்பை அவரே வைத்தார். பால் பொங்கி வழிந்து மேசை விரிப்பை நாசமாக்கியது.

"வழியட்டும், விடு," என்றார். "என் ஊரை விட்டு வந்த பிறகு, இப்படி நிற்கத் தெரிந்தவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

பெட்டியைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. ஐந்து வருடம் அங்கேதான் இருந்தோம்.

இப்போது நான் சிட்னியில். நேற்றுக் காலை வாசலில் கிழக்கே பார்த்து நின்றேன். அன்ரி, நீங்கள் பிடித்துத் தூக்கிய கை என்னிடம் இருக்கிறது. அதை நீட்டினேன். அந்தத் தெற்கு வழி போனால் மெல்பேர்ன், உங்களைப் புதைத்த மண்.